முதலாளித்துவம்தான் சுற்றுச்சூழல் நெருக்கடிக்குக் காரணம் என்கிறார்களே, எண்ணூரைக் கெடுத்தவை பெரும்பாலும் அரசு நிறுவனங்கள்தானே?

கேள்வியின் இரண்டாம் பாதியில் நியாயம் இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசுடையது. மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பொதுத்துறை. இன்னும் தள்ளிப் போனால், முதலாளிகளே இல்லாத சோவியத் ஒன்றியம் பருத்திக்காக இரண்டு ஆறுகளைத் திருப்பி, 1960-களிலிருந்து ஏரல் கடலை வற்றவைத்தது. எனவே தனியார் என்றால் மாசு, அரசு என்றால் தூய்மை என்ற வாய்பாடு செல்லாது. அதற்காக முதலாளித்துவத்துக்கு நற்சான்று கொடுத்துவிட முடியுமா? ஆலை யாருடையது என்பதோடு, அது எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணூர்ச் சாம்பலையே எடுத்துக்கொள்வோம்.

வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு. ஒன்று முழுத்திறனில் ஓடினால் மணிக்கு 6 லட்சம் யூனிட் மின்சாரம். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி என்றால் நாளைக்கு 10,000 டன். நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல்; 35 என்று வைத்தால் ஒரு எந்திரத்துக்கு மட்டும் நாளைக்கு 3,500 டன். இதில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு மேலே போகும் பறக்கும் சாம்பல், மீதி உலைக்கு அடியில் விழும் அடிச்சாம்பல்.

பறக்கும் சாம்பலைப் புகைபோக்கிக்கு முன்னால் மின்னூட்டத் தகடுகளில் பிடித்து, உலர்வாகவே சேமிக்கலாம். அதற்குச் சந்தை இருக்கிறது: பி.பி.சி. எனப்படும் கலப்பு சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை இதைச் சேர்க்கத் தர விதி அனுமதிக்கிறது. ஆனால் 2,800 டன்னை அன்றன்றே அகற்ற, 30 டன் பல்க்கர் லாரி தொண்ணூறு நடைக்கு மேல் ஓட வேண்டும். லாரி வராத நாளில் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, அதைத் தேக்கிவைக்கும் குட்டைக்குக் குழாயில் தள்ளிவிடுவதுதான் சுலபம். ஒருமுறை நனைந்த சாம்பலை சிமென்ட் ஆலைகள் உலர்ந்ததைப் போல விரும்பி எடுப்பதில்லை. ஆக, விலை கிடைக்கும் சாம்பல் லாரியில் ஏறுகிறது, விலை இல்லாத சாம்பல் குட்டைக்குப் போகிறது.

அந்தக் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றைக் கடந்துதான் குட்டைக்குப் போக வேண்டும். சாம்பல் கூழ் உப்புத்தாள் மாதிரி இரும்பை அரிக்கும். கனமான துகள் அடியில் ஓடுவதால் குழாயின் அடிப்பக்கம்தான் முதலில் தேயும். அதனால் குறித்த காலத்துக்கு ஒருமுறை குழாயைச் சுழற்றி, தேயாத பக்கத்தைக் கீழே கொண்டுவர வேண்டும். எல்லாப் பக்கமும் தேய்ந்த பின் மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? மின் உற்பத்தி ஒரு யூனிட்கூடக் குறையாது. ஓட்டை விழுந்து சாம்பல் ஆற்றில் கொட்டும், படுகை மேடாகும், அலையாத்தி வேர் மூச்சு முட்டும், கையால் எறா தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பத்துக்கு வரும்படி போகும், மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழி சுருங்கும். இத்தனையும் நடந்தாலும் மின் நிலையத்தின் பேரேட்டில் இதற்கென்று ஒரு வரி கிடையாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்காமல் இருப்பதில்தான் மிச்சம்.

அரசு நிலையம் ஏன் தனியாரைப் போலவே நடக்கிறது? அதுவும் கடன் வாங்கி வட்டி கட்டுகிறது, யூனிட் விலையில்தான் மதிப்பிடப்படுகிறது. எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்று மின்சுமையைப் பகிரும் மையம் முடிவு செய்யும்போது, மாறும் செலவு, அதாவது எரிபொருள் மாதிரி ஓட ஓட ஆகும் செலவு, குறைந்தது முதலில் என்றுதான் பட்டியல் போடுகிறது. கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவியைப் பூட்டினால் சுண்ணாம்புக்கல் வாங்க வேண்டும், சொந்த மின்சாரத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் அதுவே தின்னும். சிறப்பு ஏற்பாடு இல்லாவிட்டால், சுத்தம் செய்கிற நிலையம் பட்டியலில் கீழே இறங்கும். கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வைத்து 2015 டிசம்பரில் வந்த விதி இரண்டே ஆண்டு கெடு கொடுத்தது. கெடு பலமுறை நீண்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. இதற்கு அதிகாரிகளின் கெட்ட மனசைத் தேட வேண்டியதில்லை, அந்தப் பட்டியலே போதும்.

சாம்பலை விடச் சுவாரசியமானது தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து பல பத்தாண்டுகள் நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது. பிறகு 2010-இல் அதே மீஞ்சூரின் பெயரில் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தனியார் முதலீட்டில். ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் என்று வைத்தால் நாளைக்கு 4 லட்சம் யூனிட். அத்தனையும் நிலக்கரி மின்சாரம் என்றால் 280 டன் கரி, 98 டன் சாம்பல். நிலத்தடி நீர் இலவசமாக இருந்தவரை யாருக்கும் வருமானம் இல்லை. கெட்ட பிறகு கடல்நீர் ஆலை, டேங்கர் லாரி, கேன் தண்ணீர் என மூன்று தொழில். மூன்றும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கூட்டலாக ஏறும். உப்பான கிணறு கழித்தலாக ஏறாது. ஏரல் கடலில் நடந்தது திட்டக் கமிஷனின் குருட்டுத்தனம். இங்கே நடப்பது வேறு: சேதமே அடுத்த முதலீட்டுக்கு இடம் திறந்துவிடுகிறது. முதலாளித்துவத்தின் தனிக்குணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

'மனிதனே பேராசைக்காரன், பொதுச்சொத்து என்றால் அழிப்பான்' என்பவர்கள் பழவேற்காட்டின் பாடு முறையைப் பார்க்கலாம். எந்தத் துறையில் எந்தக் குடும்பம் எந்த நாளில் வலை வைப்பது என்று முறை போட்டுப் பிரிப்பது அது. சாதி, உறுப்பினர் தகுதி என்று அதற்குள்ளும் வம்பு உண்டு, புனிதப்படுத்த வேண்டாம். ஆனால் ஏரி பொதுவாக இருந்தும் கட்டுப்பாடு இருந்தது.

விலை வைத்தால் சரியாகிவிடாதா என்றால், பாதி சரியாகும். 2021 டிசம்பர் 31 அறிவிக்கையின்படி பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. மேலே சொன்ன 3,500 டன்னும் தேங்கினால் நாளைக்கு 35 லட்சம். சின்னத் தொகை அல்ல. ஆனால் எவ்வளவு தேங்கியது என்று எழுதிக் கொடுப்பது நிலையமே. அரசு நிறுவனம் கட்டும் அபராதமும் கடைசியில் கட்டணமாகவோ மானியமாகவோ ஊர்த் தலையில்தான்.

எனவே எவ்வளவு தேங்கியது என்ற அந்த எண்ணைச் சரிபார்ப்பதுதான் வெளியாள் செய்யக்கூடிய வேலை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்ற அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். எரித்த கரி, சாம்பல் சதவீதம், விற்ற அளவு மூன்றையும் பெருக்கிக் கழித்தால் குட்டைக்குப் போனது தெரியும். ஆற்றுநீரை நீங்களே பாட்டிலில் பிடித்துச் சோதித்த முடிவு 1974 தண்ணீர் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி எடுத்த மாதிரிக்குச் சமமாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வரவழைத்து எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் முடிவு அதற்குத் தூண்டுகோலாக உதவும்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலசமகாலில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில்: தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் போனால் விஷயம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தாமதத்துக்குக் காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அவ்வளவே. ஆற்றைப் பழையபடி மீட்டுத் தரச் சொல்லி 15-ஆம் பிரிவில் போனால் ஐந்து ஆண்டு உண்டு. பழைய சாம்பலுக்கு அந்தப் பிரிவையும் சேர்த்தே மனுவை எழுதச் சொல்லுங்கள்.