சம்பளம் இல்லாத பதவி

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள், இனவெறியை எதிர்க்கும் ஐ.நா. நிபுணராக வேண்டும் என்கிறாள். என்ன படிக்க வேண்டும்? சம்பளம் எப்படி?

பதில்: சம்பளப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம் அம்மா. கிடையாது! உலகில் இனவெறி நிலவரத்தை ஆராய்ந்து ஐ.நா.வுக்கு அறிக்கை தரும் நிபுணரை, இனவெறி குறித்த சிறப்பு அறிக்கையாளர் என்பார்கள். அந்தப் பொறுப்பை ஐ.நா. 1993-ல் உருவாக்கியது. பயணச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை வேண்டும். 2022-ல் நியமிக்கப்பட்ட அஸ்வினி கே.பி., அரசியல் அறிவியல் ஆசிரியர். இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர் அவர், தலித் பெண்.

படிப்பை மட்டும் வைத்து இங்கே யாரும் வருவதில்லை. நவநீதம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகள், தமிழ் வம்சாவளி. சட்டம் படித்தும் வெள்ளையர் நிறுவனங்கள் வேலை தரவில்லை. சரி என்று 1967-ல் அந்நாட்டின் நேட்டால் மாகாணத்தில் சொந்த வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார்; வெள்ளையரல்லாத பெண்களில் அங்கே அவர்தான் முதல் ஆள். 1973-ல் ராபன் தீவுச் சிறையின் அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை வாதாடி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கைதிகளில் மண்டேலாவும் ஒருவர்.

அப்புறம் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் நீதிபதி. அங்கே டுட்சி இன மக்கள் கொல்லப்பட்டதற்காக அக்காயேசு என்ற மேயர் மீது வழக்கு. குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரி இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண் ஒருவர், தன் சின்ன மகளுக்கு நேர்ந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நீதிபதிகளில் ஒரே பெண்ணான பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்டார். 1997-ல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. மறு ஆண்டு வந்த தீர்ப்பில், வன்புணர்வும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று முதல்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது. 2008 முதல் 2014 வரை அவர் ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார் (அதற்குச் சம்பளம் உண்டு). ஆனால் என் கணக்கில் அந்தச் சில கேள்விகள்தான் பெரிது.

மகள் சட்டமோ சமூகவியலோ படிக்கட்டும். கூடவே பிரெஞ்சு. முடித்த கையோடு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இருக்கும் ஜெனீவாவுக்கு விண்ணப்பம் போடாமல், பாகுபாட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் யாரிடமாவது சில வருடம் இருக்கட்டும்.

கேள்வி: இவர்கள் சொன்னால் அரசுகள் கேட்குமா?

பதில்: கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லை. அரசு சம்மதித்தால்தான் சிறப்பு அறிக்கையாளர் அந்த நாட்டுக்கே அதிகாரபூர்வமாகப் போக முடியும். இனப்பாகுபாடு ஒழிப்புக்கென்று 18 நிபுணர்கள் கொண்ட ஐ.நா. குழுவும் இருக்கிறது. சாதிப் பாகுபாடும் தங்கள் உடன்படிக்கைக்குள் வரும் என்று அது 2002-ல் சொன்னது. சாதி வேறு, இனம் வேறு என்று டெல்லி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது.