சேலம் பக்கம் பழைய மின்விளக்குகள் சேகரிக்க எப்படித் தொடங்குவது?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். பழைய காலத்து பல்பு, ஹோல்டர், சுவிட்சு, விளக்குகள் சேகரிக்க ஆசை. முடிந்தால் எரியவிட்டும் பார்க்க வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்? எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பதில்:

எடுத்த எடுப்பில் சரவிளக்கு வாங்காதீர்கள். பித்தளை பின் ஹோல்டர், பீங்கான் கிட்கேட் ஃபியூஸ், குமிழ் வைத்த டம்ளர் சுவிட்சு, பேக்கலைட் (பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) சீலிங் ரோஸ், அதாவது கூரையில் வயர் தொங்கும் வட்ட மூடி, சுவிட்சுக்கு அடியில் வைக்கும் தேக்கு ரவுண்ட் பிளாக் என்று சின்னச் சாமானில் ஆரம்பியுங்கள். இவை இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன, அலமாரியில் இடம் அடைக்காது. இவற்றைக் கழற்றி மாட்டிப் பழகிய கைதான் பிறகு பெரிய விளக்கைப் பிரிக்கும்போது தடுமாறாது.

நம் பக்கம் என்ன கிடைக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஊரின் மின்சாரக் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, அங்கே மின் உற்பத்தி 1937-ல் தொடங்கியது. சுற்று வட்டார வீடுகளுக்கு மின்சாரம் பரவலாகப் போனது அதற்குப் பிறகுதான். ஆகவே செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை பழைய வீடுகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் 1940-லிருந்து 1970 வரைக்குமான சாமான். "நூறு வருஷத்து பல்பு சார்" என்று யாராவது விலை சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களைப் புதுப்பிக்கும்போது வெளியே வரும் சாமானில் 110 வோல்ட் பல்பும் இருக்கலாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தேட வேண்டிய இடம் பழம்பொருள் கடை அல்ல. வீடு இடிக்கும் மேஸ்திரியும், பழைய வயரிங்கைப் பிடுங்கும் எலக்ட்ரீஷியனும், பழைய இரும்புக் கடைக்காரரும்தான் உங்கள் ஆட்கள். பித்தளை கிலோ கணக்கில் உருக்கப் போய்விடும், அதற்கு முன்னால் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். எடை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, "இந்த மாதிரி வந்தால் எடுத்து வையுங்க அண்ணே" என்று ஒரு போட்டோவையும் கொடுத்து வைத்தால் அடுத்த முறை தானாகவே அழைப்பு வரும். தெருவிளக்கின் எனாமல் ஷேடு மட்டும் ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம். அது பொதுச் சொத்தாக இருக்கலாம்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தமும் மல்டிமீட்டரும் இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளைப் பூச்சு. ஸ்க்ரூவின் தலையைப் பாருங்கள்: பழைய சாமானில் ஒற்றைக் கீறல் இருக்கும், பிளஸ் தலை இருந்தால் புதுசு, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். பச்சைக் களிம்பை ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டால் அமிலம் தடவி வயசு ஏற்றிய சரக்கு. சுவிட்சின் குமிழில் விரல் படும் பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதுதான் நம்பத் தகுந்த அடையாளம்.

பல்பை மீட்டரில் சோதிப்பதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். ஆனால் டங்ஸ்டன் இழை குளிர்ந்த நிலையில் இருக்கும்போது 60, 70 ஓம்தான் காட்டும். 100 வாட் என்றால் 40 ஓம் போல. கார்பன் இழை இதற்கு நேர் எதிர், குளிரில் தடை கூடுதலாகவும் சூட்டில் குறைவாகவும் இருக்கும். எனவே 60 வாட் என்று அச்சிட்ட பல்பு குளிரில் ஆயிரம் ஓமுக்கு மேல் காட்டினால் கையில் இருப்பது கார்பன் இழை, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாட் எண் அழிந்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது, 5 வாட் டங்ஸ்டன் பல்பும் பல நூறு ஓம் காட்டும். இப்போது விற்கும் 'எடிசன் பல்பு' அலங்கார வகை பெரும்பாலும் திருகு மூடியோடு வரும். நம் பழைய வீட்டு பல்புகள் அநேகமாக இரண்டு காது வைத்த பின் வகை.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் நேராக பிளக்கில் சொருகக் கூடாது. முதலில் ஒரு சீரிஸ் போர்டு செய்துகொள்ளுங்கள்: ஃபேஸ் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து 100 வாட் குண்டு பல்பு வழியாக சாக்கெட்டுக்குப் போக வேண்டும், நியூட்ரல் நேராக. இந்த இடத்தில் எல்.இ.டி. பல்பு ஆகாது. பல்பு போடாத வெறும் விளக்கைச் சொருகியதும் போர்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். 60 வாட் பல்பு போட்டுச் சொருகினால் இரண்டும் மங்கலாக எரிய வேண்டும், அதிலும் 60 வாட்தான் கூடுதலாக எரியும். ஆனால் உலோக உடம்பில் லீக் இருப்பதை சீரிஸ் போர்டு காட்டிக் கொடுக்காது. அதற்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்) வேண்டும்: இரண்டு வயரையும் சேர்த்துக்கொண்டு, உடம்புக்கும் அதற்கும் இடையே ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எரியவிடாதீர்கள். மேஜைக்கு வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சு) இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இந்தப் பொழுதுபோக்கில் நான் உறுதியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஒன்றுதான்: மின்சாரம் ஓடும் பாகத்தைத் தயங்காமல் புதுசாக்குங்கள், கண்ணுக்குத் தெரியும் பாகத்தை முடிந்தவரை தொடாதீர்கள். பழைய வயரில் செம்பின் மேல் ரப்பர், ரப்பரின் மேல் நூல் பின்னல் இருக்கும். வெளியே பின்னல் அழகாகத் தெரியும், உள்ளே ரப்பர் காய்ந்து, வளைத்த இடத்தில் கறுப்புத் தூளாகக் கொட்டும். அதில் ஒருபோதும் கரண்ட் விடாதீர்கள். பழைய வயரை ஒரு சாண் வெட்டி மாதிரிக்கு எடுத்து வைத்துவிட்டு, துணி பின்னிய புது மூன்று கோர் வயர் போடுங்கள். 0.75 சதுர மி.மீ. போதும்.

வாத்துக் கழுத்து போல வளைந்த பித்தளைக் குழாய்தான் பொறுமையைச் சோதிக்கும். பழைய வயரை இழுத்தால் பாதியில் அறுந்து, ரப்பர் துணுக்கு வளைவில் அடைத்துக்கொள்ளும். அதைத் தட்டி உதிர்த்துவிட்டு, சைக்கிள் பிரேக் ஒயரின் உள்கம்பியை ஹோல்டர் பக்கமிருந்து விடுங்கள். அது வளைவில் வழுக்கிக்கொண்டு போகும். மறுமுனையில் புது வயரின் மூன்று கோரையும் ஒரே இடத்தில் முடியாமல் அரை அங்குலம் முன்னே பின்னே தள்ளிக் கட்டினால் முடிச்சு தடிக்காது. மேலே முகப் பவுடர் தடவி மெதுவாக இழுங்கள். இழுப்பதற்கு முன்பே குழாயின் இரண்டு வாயையும் உருண்டை அரத்தால் மழுக்கிவிட வேண்டும். பெரும்பாலான லீக் அந்தக் கூர்மையில் வயர் அறுபடுவதால்தான் வருகிறது. எர்த் வயரின் முனையில் ரிங் லக் (ஸ்க்ரூ நுழையும் உலோக வளையம்) போட்டு, களிம்பு சுரண்டிய உலோகத்தில் முறுக்குங்கள். பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஹோல்டரின் உடம்பு வரை மீட்டர் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பிளக்கும் மூன்று பின்னாக மாறட்டும்.

ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு பின்னையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று மேலே எழும்பாமல் அமுங்கியே கிடந்தால் ஸ்பிரிங் செத்துவிட்டது, அங்கே பொறி பறந்து கறுக்கும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது பலன் தராது. பித்தளைக் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பீங்கானை மட்டும் மாற்றுங்கள். பழைய ஸ்க்ரூ தொலைந்தால் மெட்ரிக் ஸ்க்ரூவைத் திணிக்காதீர்கள். அவை பெரும்பாலும் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை, திணித்தால் மரை போய்விடும்.

துலக்குவதில்தான் அதிகச் சாமான் கெடுகிறது. குத்துவிளக்கு மாதிரி புளியில் ஊறப்போட்டால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்புத் திட்டு விழும். அது பிறகு போகாது. புளித்தண்ணீர் இடுக்கில் தங்கி மீண்டும் களிம்பும் ஏறும். சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், உடனே துடைத்துக் காயவைத்தல், அவ்வளவே போதும். பேக்கலைட்டை உப்புத்தாளால் தேய்த்தால் மேல் மினுக்கு ஒரேயடியாகப் போய்விடும். துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். ஷேடுக்குள் சாம்பல் வெள்ளையில் நார் நாராக அட்டை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சுரண்டவோ ஊதவோ கூடாது.

ஏற்காட்டிலிருந்து இறக்கிய சாமானை அன்றே சோதிக்காதீர்கள். பனியும் மழையும் மரக்கட்டையிலும் நூல் பின்னலிலும் ஏறியிருக்கும், மெக்கர் மோசமாகக் காட்டும். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் நிழலோரமாகக் காய்ந்தால் அதே சாமான் நல்ல அளவு காட்டுவதுண்டு. 20 கொண்டை ஊசி வளைவும் பல்புக்கு ஆகாது. எரிந்து பழகிய டங்ஸ்டன் இழை மொறுமொறுப்பாக இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள்.

கண்ணாடி ஷேடைப் பிடிக்கும் மூன்று ஸ்க்ரூவையும் கண்ணாடியைத் தொடும்வரை திருகி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். சூட்டில் விரிய இடமில்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

எரியவிடுவதற்கு டிம்மர்ஸ்டாட் (வோல்ட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 230 வோல்ட் பல்பை 207-ல் எரித்தால் வெளிச்சம் ஏறக்குறைய 70 சதவீதம் ஆகும், ஆனால் ஆயுள் நாலு மடங்குக்குப் பக்கம் நீளும். 110 வோல்ட் பல்பை நம் லைனில் போட்டால் அந்த நொடியே போய்விடும். ஒரே வாட் உள்ள இரண்டை சீரிஸில் கோர்த்தாலும் தலைக்கு 115 வோல்ட் விழுந்து ஆயுள் பாதியாகும். அதனால் அவற்றையும் டிம்மர்ஸ்டாட்டில் 100 வோல்ட்டுக்குக் கீழேயே வைத்துப் பாருங்கள். தினசரி வெளிச்சத்துக்கு 4 வாட் எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டு, பழையதை விருந்தாளி வரும்போது மட்டும் மாட்டலாம்.

மெர்க்குரி தெருவிளக்கு பல்பும் பழைய தடித்த டியூப்லைட்டும் கிடைத்தால் வாங்கலாம், இரண்டிலும் பாதரசம் உண்டு. மெர்க்குரி பல்பின் வெளிக்கண்ணாடி உடைந்தும் உள்குழாய் எரியும், அப்போது வரும் புற ஊதாக் கதிர் கண்ணைக் கெடுக்கும். உடைந்ததை எரியவிட்டுப் பார்க்க வேண்டாம்.