மூடினதும் மறந்துபோகிறதே!

கேள்வி: ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முடித்துவிட வேண்டும் என்று தினமும் நான்கு அதிகாரம் வாசிக்கிறேன். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் திறக்கிறேன். ஆனால் மூடின ஐந்தாவது நிமிஷம் என்ன வாசித்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. என் ஜெபத்தில்தான் ஏதாவது குறையா?

பதில்: குறையெல்லாம் இல்லை, சகோதரி. உங்கள் ஜெபம் வாசலிலேயே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். "ஆண்டவரே, பேசும்" என்று கேட்ட கையோடு நான்கு அதிகாரத்தையும் மூச்சுவிடாமல் ஓட்டி, அட்டவணையில் டிக் அடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். (நானும் பல வருஷம் டிக் அடித்தவன்தான்.)

தானியேல் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமின் பாழ்நிலை எழுபது வருஷம் என்று எரேமியா தீர்க்கதரிசி எழுதியதை தானியேல் வாசிக்கிறார். அந்த வாசிப்பைப் பற்றி அங்கே இருப்பது ஒரே வசனம். உடனே உபவாசம், ஜெபம். 4 முதல் 19 வரை பதினாறு வசனங்கள் அந்த ஜெபமேதான்! அதோடு கவனியுங்கள், ஜெபிக்கிறேன் என்று அவர் வருஷக் கணக்கைப் பார்க்காமல் விடவில்லை. உழைத்துப் படிப்பதற்குப் பதிலாக ஜெபம் என்று சிலர் நினைப்பது எனக்கு ஒப்பவில்லை.

119-ஆம் சங்கீதமும் இப்படித்தான். வேதத்தைப் பற்றி 176 வசனங்கள், ஆனால் நான்காம் வசனத்திலிருந்து பெரும்பாலும் தேவனையே "நீர்", "உமது" என்று கூப்பிட்டுப் பேசுவதுதான். "என் கண்களைத் திறந்தருளும்" என்ற 18-ஆம் வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து ஆரம்ப ஜெபமாக்கிக்கொண்டோம், மீதியை விட்டுவிட்டோம்.

அதனால் நாளைக்கு நான்கு வேண்டாம், ஒரு அதிகாரம் போதும், உதாரணமாக மாற்கு 4. புயலில் சீஷர்கள் "உமக்குக் கவலையில்லையா" என்று கேட்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். உங்களுக்கும் அப்படிக் கேட்கத் தோன்றிய விஷயம் ஒன்று இருக்கும்தானே, அதை அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் மேலே வாசியுங்கள். புரியாத வசனம் வந்தால் "புரியவில்லை ஆண்டவரே" என்று சொல்லி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பதில் விளக்கவுரையிலோ பக்கத்தில் இருக்கும் மனிதரிடமோ வரலாம். ஏசாயாவை வாசித்துக் குழம்பிய எத்தியோப்பிய மந்திரிக்கு வானத்திலிருந்து சத்தம் வரவில்லை, ரதத்தில் ஏறி உட்கார்ந்து விளக்கிச் சொல்ல சுவிசேஷகர் பிலிப்பு வந்தார் (அப்போஸ்தலர் 8).

அட்டவணை பின்தங்குமே என்கிறீர்களா? பின்தங்கட்டும்.

கேள்வி: ராத்திரி வேதம் வாசித்தாலே தூக்கம் வருகிறதே?

பதில்: சத்தமாக வாசியுங்கள். அந்த மந்திரியும் சத்தமாக வாசித்ததால்தான் பிலிப்பின் காதில் விழுந்தது. அப்படியும் கண் சொருகினால் ஒரே வரி ஜெபம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், விடிந்ததும் வாசிக்கலாம். இயேசு ஜெபித்துக்கொண்டிருந்த கெத்செமனேயில் சீஷர்களே தூங்கினார்கள்.