கல்யாணத்துக்கு முன்னால் ஊர் சுற்றலாமா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு வெளிநாட்டில் கல்யாணம். நான், மனைவி, 14 மற்றும் 8 வயதில் இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் 70 வயது அம்மா என ஐந்து பேர் போகிறோம். மொத்தம் 12 நாள் லீவு. 11-ஆம் நாள் கல்யாணம். முதல் 9 நாளில் அந்த நாட்டைச் சுற்றி, பக்கத்து நாட்டுக்கும் ஒரு எட்டு போய்விட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கா வீட்டில் போய் இறங்கலாம் என்று திட்டம். சரிவருமா?

பதில்: தாராளமாகச் சுற்றலாம். ஆனால் இந்த வரிசையில் வேண்டாம். முதலில் நேராக அக்கா வீட்டில் போய் இறங்குங்கள். பட்டுப்புடவை, நகை, சீர் சாமான் எல்லாவற்றையும் அங்கே இறக்கி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு சுற்றக் கிளம்புங்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு முழு நாள் கையில் இருக்கும்படி திரும்பி வந்துவிடுங்கள்.

காரணம் இதுதான். சுற்றுலாவில் ஒரு ரயில் தவறினால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மற்ற சமயத்தில் ஒரு கோட்டையையோ அருங்காட்சியகத்தையோ விட்டுவிட்டு மேலே போய்விடுவோம். உங்கள் திட்டத்தில் அப்படி விடுவதற்கு இடமே இல்லை. 9 நாளில் எங்கே தாமதமானாலும் அது கடைசியில் முகூர்த்தத்தின் தலையில்தான் விடியும்.

பெட்டி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போட்ட பெட்டி உங்களோடு வந்து சேராவிட்டால், பெரும்பாலும் சில நாட்களில் கிடைத்துவிடும். முதல் நாளே அக்கா ஊரில் இறங்கியிருந்தால் அது தேடிக்கொண்டு வர ஒரே முகவரி இருக்கும். ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தால் பெட்டி உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். எப்படியானாலும் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதிக் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். கல்யாணப் பெட்டியில் இருப்பதன் மதிப்பு அதைவிட எவ்வளவு அதிகம் என்று உங்கள் மனைவியைக் கேட்டால் தெரியும். அதனால் நகை கைப்பையில்தான் வர வேண்டும். முகூர்த்தத்துக்கான உடையில் ஆளுக்கு ஒரு செட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். நகையின் ரசீதும் போட்டோவும் போனில் இருந்தால் சுங்கத்தில் பேச்சு சீக்கிரம் முடியும். எவ்வளவு நகை கொண்டுபோகலாம், எதை அறிவிக்க வேண்டும் என்பதை இரண்டு நாட்டுச் சுங்கத் துறையின் இணையதளத்திலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பக்கத்து நாடு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் தரப்பட்டிருந்தால், அந்த விசா செல்லும் பகுதியின் எல்லையைத் தாண்டிய நிமிடமே அது தீர்ந்துவிடும். கல்யாணத்துக்குத் திரும்பி உள்ளே வர முடியாது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா என்றால், அதன் ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் 01 என்றிருக்கிறதா, மல்ட் (MULT, அதாவது பலமுறை) என்றிருக்கிறதா என்று ஐந்து பாஸ்போர்ட்டிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே குடும்பத்துக்கு ஒரே மாதிரிதான் கொடுத்திருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. அதே ஸ்டிக்கரில் தங்கும் நாட்களின் எண்ணிக்கை தனியாக இருக்கும். விசா செல்லும் தேதிகள் நீளமாக இருந்தாலும் அந்த எண்ணிக்கையைத் தாண்டித் தங்கக் கூடாது; போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. 12 நாள் பயணத்துக்கு, என்னைக் கேட்டால், பக்கத்து நாட்டை அடியோடு விட்டுவிடுவேன். ஆசை விடவில்லை என்றால் லீவைக் கூட்டி, கல்யாணம் முடிந்தபின் போங்கள்.

அம்மாவை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். நேர வித்தியாசத்துக்கு உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் பழகும். கிழக்கே போனால் இன்னும் சிரமம். முதல் இரண்டு நாள் அக்கா வீட்டில் ஓய்வு, மாலையில் பக்கத்தில் ஒரு நடை, அவ்வளவுதான். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது; அங்கே உறைந்துபோக வாய்ப்பு உண்டு, உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பேருடைய கைப்பையில் பிரித்து வையுங்கள். மருத்துவரின் கடிதத்தில் மருந்தின் வேதிப்பெயரும் இருக்கட்டும், கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கிழக்கே பறந்தால் அந்த நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும். அதனால் பயண நாளில் எந்த நேரத்துக்கு எவ்வளவு போடுவது என்பதைக் கிளம்புமுன் அவருடைய மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள்.

சுற்றுவதற்கு 4-ஆம் நாள் முதல் 7-ஆம் நாள் வரை வைத்துக்கொள்ளுங்கள். 8-ஆம் நாள் திரும்பி வந்துவிடலாம். அந்த நாட்டுக்குள்ளேயே, அக்கா ஊரிலிருந்து ரயிலிலோ காரிலோ மூன்று நான்கு மணி நேரத்தில் எட்டும் ஒரே ஊரில் தங்கி, அங்கிருந்து சுற்றுவது நல்லது. பிள்ளைகள் கடற்கரை கேட்பார்கள். கூட்டிப்போங்கள், சன்ஸ்கிரீனை மறக்காதீர்கள். வெயிலில் சிவந்த தோல் சில நாள் கழித்துத்தான் உரியத் தொடங்கும், சரியாகக் கல்யாண ஆல்பத்துக்கு. புதுச் சாப்பாட்டு வீரத்தையும் கல்யாணத்துக்குப் பின் காட்டலாம். பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கு கவனிக்காமல் விட்டால் 3 முதல் 7 நாள் வரைகூட இழுக்கும்.

டிக்கெட் போடும் முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: எந்தெந்த நாள் நீங்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும்? பெண்ணுக்கு நீங்கள் தாய்மாமன். அழைப்பிதழில் வராத சடங்குகளுக்கும் உங்களைத்தான் தேடுவார்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, கல்யாணமே தள்ளிப்போனால் டிக்கெட் பணம் திரும்புமா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். எந்தெந்தக் காரணங்களை எழுதியிருக்கிறார்களோ அவற்றுக்கு மட்டும்தான் பணம் வரும். அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

12-ஆம் நாள் காலை விமானம் போட்டிருந்தால் இரவு விமானத்துக்கு மாற்றுங்கள். கல்யாணத்தன்று நடுராத்திரியில் பெட்டி கட்டும் வேலை மிச்சமாகும்.