பழைய செய்தித்தாள் படக்கதைகளை ரசிப்பவர்களுக்கு இப்போது வரும் சரித்திர, மாயாஜாலப் படங்கள் பிடிக்கின்றனவா?

எந்தப் பழைய செய்தித்தாள் படக்கதை பிடிக்கும், அதில் ஊறிய கண்ணுக்கு இன்றைய சரித்திரப் படங்களும் மாயாஜாலப் படங்களும் ஏமாற்றமாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு என் பதில் ஹால் ஃபாஸ்டர் எழுதி வரைந்த 'பிரின்ஸ் வேலியண்ட்'. இரண்டாம் பாதியைப் பற்றி நானும் என் பெரியப்பா மகனும் சில வருடங்களாகவே வாதாடிக்கொண்டிருக்கிறோம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டிலும் கன்னித்தீவில்தான் ஆரம்பம். 1960-இல் தினத்தந்தியில் தொடங்கிய தொடர். அப்பா பேப்பரைக் கையில் எடுப்பதற்குள் சிந்துபாத் இன்றைக்கு எங்கே மாட்டிக்கொண்டான் என்று பார்த்துவிட வேண்டும். அப்புறம் பழைய புத்தகக் கடைகளில் முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ். மாண்ட்ரேக், ரிப் கிர்பி, மாடஸ்டி, ஜேம்ஸ் பாண்ட் எல்லோருமே அமெரிக்க, பிரிட்டிஷ் நாளிதழ்களில் தினம் மூன்று நான்கு கட்டங்களாக வந்தவர்கள் என்பது அப்போது தெரியாது. தெரிந்த நாளில் ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. அந்தக் கதைகளில் ஏன் இரண்டு மூன்று கட்டத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் நடந்ததைத் திரும்பச் சொல்கிறார்? நேற்றைய பேப்பரைத் தவறவிட்டவருக்காக முதல் கட்டம், கதையை நகர்த்த நடுக்கட்டம், நாளைக்கும் பேப்பர் வாங்க வைக்கக் கடைசிக் கட்டம். இந்தக் கணக்கு புரிந்த பிறகு அந்தப் புத்தகங்களை எடுத்து மறுபடி படித்தேன். புதிதாக இருந்தன.

'பிரின்ஸ் வேலியண்ட்' எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெரியப்பா மகன் அண்ணன் மூலமாக. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், ஃபாண்டாகிராஃபிக்ஸ் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட முதல் தொகுதியைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். 1937, 1938 ஆகிய இரண்டு வருடத்துப் பக்கங்கள். 1937 பிப்ரவரியில் தொடங்கிய தொடர் அது. ஞாயிறுதோறும் ஒரு பக்கம், வண்ணத்தில். பேச்சு பலூன் கிடையாது. படத்தோடு ஓரமாகக் கதை உரைநடையில் ஓடும். ஒரு பக்கத்துக்கு ஃபாஸ்டர் 50 மணி நேரத்துக்கு மேல் உழைப்பாராம். 1971-இல் வரைவதை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்வரை இதே வேலை.

கதை இதுதான். தூலே நாட்டு அரசன் நாட்டை இழந்து குடும்பத்தோடு படகில் தப்பி பிரிட்டன் கரைக்கு வருகிறான். அங்கே சதுப்பு நிலத்தில் ஒதுங்கி வாழ இடம் கிடைக்கிறது. அவன் மகன் வேலியண்ட், சுருக்கமாக வேல், அந்தச் சதுப்பில் வேட்டையாடி வளர்கிறான். ஹாரிட் என்ற சூனியக்காரி, உனக்கு வாழ்க்கையில் மனநிறைவு என்பதே கிடைக்காது என்று குறி சொல்கிறாள். பிறகு பிரிட்டனின் பழங்கதை அரசன் ஆர்தரின் வீரன் கவெய்னுக்கு உதவியாளனாகச் சேர்கிறான். ஐலீன் என்ற பெண்ணை விரும்புகிறான். அவளோ ஆர்ன் என்ற இளவரசனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். வைக்கிங் கடற்கொள்ளையர்கள் அவளைத் தூக்கிச் செல்ல, போட்டிக்காரர்கள் இருவரும் சேர்ந்தே தேடிப் போகிறார்கள். வழியில் ஒருவர் பின்தங்கி எதிரிகளைத் தடுத்தாக வேண்டிய நிலை. வேல் நின்றுகொள்கிறான், ஆர்ன் தன்னுடைய பாடும் வாளை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். கடைசியில் ஐலீன் கப்பல் உடைந்து இறந்துபோகிறாள். இரண்டு பேருக்கும் மிஞ்சியது அந்த நட்பு. பல வருடம் கழித்து வேலுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போது அவன் வைக்கும் பெயர் ஆர்ன். தொடரை வாராவாரம் தொடர்ந்து படித்தவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இடையில் கிட்டத்தட்ட பத்து வருடம் ஓடியிருந்தது.

எனக்கு இந்தத் தொடரில் சண்டைகளைவிடப் பிடித்தது வழி. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. குதிரை களைத்துப்போகிறது, படகைக் கரையேற்றிக் கயிறு போட்டு இழுக்கிறார்கள், நனைந்த விறகில் தீ மூட்டப் பாடுபடுகிறார்கள், பனியில் பாதை தொலைகிறது. ஃபாஸ்டருக்கு இது கற்பனையில் வந்ததல்ல. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர், வின்னிபெக்கில் வளர்ந்தவர், வேட்டை வழிகாட்டியாக வேலை பார்த்தவர், காட்டில் தங்கம் தேடி அலைந்தவர். படம் வரையும் வேலைக்காக வின்னிபெக்கிலிருந்து சிகாகோவுக்குச் சைக்கிளிலேயே போனவர். தூரம் என்றால் என்னவென்று காலால் தெரிந்துகொண்ட மனிதர். வேல் 1940-களில் வட அமெரிக்காவுக்கே கடல் கடந்து போகும் பகுதியில் காடும் ஆறும் அவர் பழகிய இடங்களாகவே இருக்கும். குழந்தை ஆர்ன் பிறப்பதும் அங்கேதான்.

அண்ணனுடைய கட்சி வேறு. சரித்திரப் படம் என்றால் சரித்திரம் சரியாக இருக்க வேண்டும், ஆதாரம் கிடைக்காத இடத்தில் மட்டும் கற்பனை. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் 2023-இல் வந்தபோது அரைமணி நேரம் போனில் கொதித்தார். நாவலில் உத்தம சோழனாக முடிசூடுவது சேந்தன் அமுதன், படத்தில் மதுராந்தகனே சூடிக்கொள்கிறான், மணிமேகலையைக் காணவே காணோம், இதையெல்லாம் எப்படி ஒப்புக்கொள்வது என்றார்.

"அண்ணே, நாவலே கற்பனைதானே. மதுராந்தகன்தான் உத்தம சோழன் என்பது சரித்திரம். அந்த இடத்தில் படம் சரித்திரத்துக்குக் கிட்டே வந்திருக்கிறது" என்றேன்.

"சரி, அப்படியென்றால் கரிகாலன் கொலை? உடையார்குடி கல்வெட்டில் ரவிதாசன் பெயரெல்லாம் அப்படியே இருக்கிறதே தம்பி, படம் ஏன் நந்தினியைச் சுற்றியே நிற்கிறது?"

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கு அந்தப் படங்களில் இருக்கும் குறை வேறு. கல்கி 1950-இல் அந்தக் கதையை எங்கே தொடங்கினார்? வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கன்று, களைத்த குதிரையில் ஒரு வாலிபன், வந்தியத்தேவன். ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய், அதாவது மதகு, என்று கேள்விப்பட்டதை வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வருகிறான். வாரப் பத்திரிகையில் தொடராக எழுதியவருக்கு அந்த ஏரிக்கரையில் நின்று நிதானிக்க இடம் இருந்தது. படம் ராஷ்டிரகூடரோடு போரில் தொடங்குகிறது. பிறகு வந்தியத்தேவனின் குதிரைப் பயணம் பெரும்பாலும் ஒரு பாட்டுக்குள் போய்விடுகிறது. காஞ்சிக்கும் தஞ்சைக்கும் நடுவே எத்தனை நாள் வழி என்பது பார்ப்பவருக்கு உறைக்கவே இல்லை. அதனால் அவன் கொண்டுபோகும் ஓலை போய்ச் சேருமா என்ற பதைப்பும் குறைந்துவிட்டது. முதல் பாகத்தின் கடைசியில் வரும் கப்பலும் புயலும் மட்டும் எனக்கு அந்தக் குறையைத் தீர்த்து வைத்தன. அங்கே கடலுக்குக் கனம் இருந்தது.

வைக்கிங் காலத்துக் கதையான 'தி நார்த்மேன்' 2022-இல் வந்தபோது இந்த வாதம் தலைகீழாகத் திரும்பியது. ராபர்ட் எகர்ஸ் தொல்லியல் அறிஞர் நீல் பிரைஸ் உள்ளிட்டவர்களைக் கலந்து எடுத்த படம். வீடு, துணி, சடங்கு எல்லாவற்றிலும் அப்படியொரு கவனம். அண்ணன் மகிழ்ந்துபோனார். நானும் அந்த உழைப்பை மதிக்கிறேன். அதிலும் ஒரு குறிகாரி வந்து நாயகனின் விதியைச் சொல்கிறாள், ஹாரிட்டை நினைத்துக்கொண்டேன். ஆனால் நாயகன் அம்லெத் அடிமைபோல வேஷம் போட்டுக் கப்பலேறி ஐஸ்லாந்து போய்ச் சேர்வது? ஒரு புயல் காட்சி, கரை வந்துவிட்டது. வட அட்லாண்டிக் கடல் அது. ஃபாஸ்டராக இருந்தால் அதற்கே எட்டு வாரம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் விடவில்லை. "உன் ஃபாஸ்டர் மட்டும் யோக்கியமா? ஐந்தாம் நூற்றாண்டில் அட்டிலாவின் ஹூணர்கள், பக்கத்திலேயே எழுநூறு எண்ணூறு வருஷம் பிந்திய கோட்டையும் கவசமும்." உண்மைதான். ஆர்தர் என்றதும் வாசகர் மனதில் எழும் கோட்டையை ஃபாஸ்டர் தெரிந்தேதான் வரைந்தார். அதை நான் மறைக்க நினைக்கவில்லை. அந்தக் கோட்டைக்குப் போகும் பாதையில் சேறு இருக்கிறது, அதனால் கோட்டையை நம்புகிறேன். நூற்றாண்டு தப்பினாலும் களைப்பு தப்பவில்லை.

எனக்கு முழுக்க நிறைவு தந்த படம் 2021-இல் வந்த டேவிட் லோவரியின் 'தி கிரீன் நைட்', அதாவது பச்சை வீரன். வேலின் குருவான அதே கவெய்ன்தான் நாயகன், தேவ் படேல் நடித்தார். மூலம் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைப்பாட்டு, எழுதியவர் பெயர் தெரியாது. பாட்டிலேயே குளிர்காலப் பயணம் வருகிறது. பனிமழையில் பாறைகளுக்கு நடுவே கவசத்தோடு படுத்துத் தூங்குகிறான் கவெய்ன். லோவரி அந்தச் சில வரிகளைப் பிடித்துக்கொண்டு படத்தின் பெரும்பகுதியை வழியாகவே ஆக்கிவிட்டார். திருடர்கள் கட்டிப்போட்டுவிட்டுப் போன இடத்தில் கேமரா மெதுவாக ஒரு சுற்று சுற்றி வருகிறது. அவன் எலும்புக்கூடாகக் கிடக்கிறான். திரும்பவும் ஒரு சுற்று, உயிரோடு இருக்கிறான். பேச்சே இல்லை. அடுத்தடுத்த கட்டங்களில் படம் போட்டுக் காட்டியதைப் போல இருந்தது. மூடுபனியில் ராட்சதர்கள் நடந்து போகும் இடத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்ப்பது மாதிரி. அண்ணனுக்கு முடிவு பிடிக்கவில்லை. பாட்டில் கவெய்ன் அரண்மனைக்குத் திரும்பி வருகிறான், எல்லோரும் சிரித்து அவனைத் தேற்றுகிறார்கள். படம் பச்சை வீரனின் கோடரிக்கு முன்னால் அவன் மண்டியிட்ட இடத்திலேயே முடிகிறது. அந்தச் சிரிப்பு இல்லாமல் கதையே பாதிதான் என்கிறார் அவர். இதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

மாயாஜாலப் படங்களுக்கும் இதே அளவுகோல்தானா என்று கேட்டால், ஆமாம். 2015-இல் வந்த 'பாகுபலி'யில் அந்த அருவி. சின்னப் பையனிலிருந்து ஏறி ஏறி விழுந்து கடைசியில் மேலே போகிறான். நடக்கவே முடியாத உயரம், ஆனாலும் ஒவ்வொரு முயற்சியும் நமக்குக் கையில் வலிக்கிறது. இரண்டாம் பாகத்தில் பனைமரத்தை வளைத்து வீரர்களைக் கோட்டைக்குள் வீசும் காட்சியில் அந்த வலி எனக்குக் கிடைக்கவில்லை. ராஜமௌலி சிறுவயதில் அமர் சித்திரக் கதைகள் படித்து வளர்ந்தவர் என்று சொல்லியிருக்கிறார், அருவிக் காட்சியில் அது தெரிகிறது. ஃபாஸ்டரும் இப்படி விளையாடியவர்தான். வாத்துத் தோலில் பேய் முகமூடி செய்து மாட்டிக்கொண்டு வேல் ஒரு கொடியவனை மிரட்டும் பகுதி ஒன்று 1937-இல் வருகிறது. அந்த முகத்தைத்தான் அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி 1972-இல் தன் 'டீமன்' பாத்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அங்கேயும் முகமூடி செய்வதை முதலில் காட்டிவிட்டுத்தான் மிரட்ட விடுகிறார் ஃபாஸ்டர்.

நீங்கள் படிக்கத் தொடங்குவதாக இருந்தால் முதல் தொகுதியை வாங்குங்கள். ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இந்த முறை நானும் அண்ணனும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டோம். அவர் அங்கே, நான் மதுரையில், படித்துவிட்டு போனில் பேசுவோம். இப்போது இரண்டாம் தொகுதியில் ஆண்டெல்க்ராக் கோட்டையில் இருக்கிறோம். வெளியே ஹூணர்கள், உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருக்கிறது. போன வாரம் அண்ணன், அடுத்த பக்கத்தையும் புரட்டிவிட்டேன் தம்பி, சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.