யூதப் புத்தாண்டு எப்போது?

கேள்வி: யூதர்களின் முதல் மாதம் நிசான் என்கிறார்கள். புத்தாண்டு மட்டும் செப்டம்பர் வாக்கில் வருகிறதே, ஏன்?

பதில்: மாதங்களை எண்ணுவதுதான் வசந்தகால நிசானிலிருந்து. ஆண்டு எண் மாறுவது ஏழாம் மாதமான திஷ்ரி 1-ல். அதுவே ரோஷ் ஹஷானா. நாள் அஸ்தமனத்தில் தொடங்குவதால் பலரும் ஒரு நாள் பிசகுகிறார்கள். 5787 பிறப்பது 2026 செப்டம்பர் 11 மாலையில். காலண்டரிலோ 12 என்றிருக்கும்.

ஞாயிறு, புதன், வெள்ளியில் திஷ்ரி 1 வரவே வராது. அமாவாசைக் கணக்கு அங்கே கொண்டுவிட்டால் ஒரு நாள் தள்ளிவைப்பார்கள். புதனிலோ வெள்ளியிலோ வந்தால், பத்தாம் நாளான யோம் கிப்பூர் நோன்பு சனிக்கிழமை ஓய்வுநாளை ஒட்டி விழும். தொடர்ந்து இரண்டு நாள் அடுப்பு மூட்ட முடியாது. நடைமுறை தெரிந்த ஏற்பாடு!

19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேரும். சேர்க்காவிட்டால் பண்டிகைகள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துவிடும். 5787-க்கும் 13 மாதங்கள்.