முதல் செமஸ்டரைத் தாண்டுவது எப்படி? கல்லூரி இடைநிற்றல் பற்றிய கேள்வி பதில்

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்தபின் பாதியில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, முதலாமாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறியியல் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். வருகைப்பதிவு, மதிப்பெண் கணக்கெல்லாம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 விதிமுறைப்படி. அதற்குப் பின் வந்த விதிமுறையில் சேர்ந்திருந்தாலோ, தன்னாட்சிக் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி என்றாலோ அந்தந்த விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓர் அம்மா, திருவண்ணாமலை மாவட்டம்): மகன் இன்ஜினியரிங் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். காரணம் கேட்டால் வாயே திறப்பதில்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவன் மேடம்.

அம்மா, "ஏன் போகமாட்டேங்கிறே" என்று கேட்டால் பதில் வராது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்த வாத்தியார் நடத்துவது புரியவில்லை? மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்? முதல் இன்டர்னல் டெஸ்ட் எழுதினானா? ராத்திரி ரூமில் சீனியர்கள் வருகிறார்களா? இந்த நாலில் ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. ராகிங் என்றால் அவனைத் தேற்றிக்கொண்டு உட்காராதீர்கள். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தண்டனைக்குரிய குற்றம்.

கூடவே நாளையும் எண்ணுங்கள். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று வைத்தால், 75 சதவீத வருகைக்கு 22 நாள்தான் விடலாம். 65 சதவீதம் வரை, அதாவது 31 நாள் வரை, மருத்துவச் சான்று போன்ற தக்க காரணம் இருந்தால் சலுகை கேட்கலாம். அதற்குக் கீழே போனால் பரீட்சையே எழுத முடியாது. வீட்டில் ஒரு மாதம் "மனசு மாறட்டும்" என்று விட்டுவைப்பதால்தான் நிறையப் பிள்ளைகள் திரும்ப முடியாமல் போகிறார்கள். இந்த வாரமே நீங்களும் கூடப் போய், வகுப்பு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

கேள்வி (அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர்): பிளஸ் டூ தேர்வுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே மூன்று, நான்கு மாதம் கிடைக்கிறது. கணக்கில் எதைச் சொல்லிக்கொடுத்தால் உபயோகமாக இருக்கும்?

சார், இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். புதுப் பாடம் எதையும் முன்கூட்டி நடத்த வேண்டாம். முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்று விடைத்தாளைப் பார்த்தாலே தெரியும். ஐகன் மதிப்பு காணும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்று அணி கொடுத்திருப்பார்கள். சிறப்புச் சமன்பாடு எழுத மூன்று எண் வேண்டும்: முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை, அந்த உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளின் கூட்டுத்தொகை, அணிக்கோவையின் மதிப்பு. இதைப் பெரும்பாலும் மனப்பாடமாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் இரண்டாவது எண்ணில் ஒரு கழித்தல் குறி தவறும். அதோடு முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள் முழு எண்ணாக வராது. பிள்ளை அங்கேயே பேனாவை வைத்துவிடும். சமன்பாடு சரியாக வந்தவர்களிலும் பலர், ஒரு மூலத்தைச் சோதித்துக் கண்டபின் தொகுமுறை வகுத்தலில் நிற்கிறார்கள். அது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சார்!

ஆகவே ஆறு வாரம், தினம் 40 நிமிடம் போதும். முதல் இரண்டு வாரம் குறியோடு கூட்டல் கழித்தல், பின்னம், காரணிப்படுத்தல், தொகுமுறை வகுத்தல். மூன்றாவது வாரம் முக்கோணவியல் முற்றொருமைகள். நான்காவது வாரம் வகையிடல்; அதில் சங்கிலி விதியை மட்டும் முப்பது கணக்காவது போடவையுங்கள். ஐந்தாவது வாரம் தொகையிடல்: பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம். கடைசி வாரம் அணிக்கோவை. விடை சரியா என்பதைப் பிள்ளையே திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். கல்லூரியில் அதைச் சொல்லித்தர ஆளில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதே கணக்குகளை ஆங்கிலச் சொல்லோடு ஒருமுறை ஓட்டுங்கள். நோட்டில் இடப்பக்கம் "வகைக்கெழு", வலப்பக்கம் "டெரிவேடிவ்" என்று எழுதி 150 சொல் சேர்த்தால் முதல் செமஸ்டருக்குத் தாராளம். கேள்வித்தாள் வினைச்சொற்களையும் விடாதீர்கள்: நிறுவுக, வேறுபடுத்துக, வருவி என்பவற்றை ஆங்கிலத்தில் பார்த்தவுடன் புரிய வேண்டும். பதில் தெரிந்தும் கேள்வி புரியாமல் விட்டுவந்த விடைத்தாள்களைப் பார்ப்பது மிகவும் வருத்தமான வேலை.

கேள்வி (முதலாமாண்டு மாணவர்): முதல் செமஸ்டரில் நாலு அரியர் மேம். இனிமேல் முடியாது, டிஸ்கண்டின்யூ பண்ணிடலாம்னு இருக்கேன்.

தம்பி, நாலு ஆண்டுப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டு வரை அவகாசம் உண்டு. அந்த நாலு ஆண்டுக்குள்ளேயே இன்னும் ஏழு செமஸ்டர் உன் கையில் இருக்கிறது. முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்.

தியரி தாளுக்குக் கல்லூரி போடும் இன்டர்னல் 40, பல்கலைத் தேர்வு 60 (நூற்றுக்கு எழுதுவதை அறுபதுக்குக் குறைத்துக் கணக்கிடுவார்கள்). தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனை: மொத்தம் 50 வேண்டும், பல்கலைத் தேர்வில் மட்டும் 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 30 இருந்தால் நூற்றுக்கு 45 எழுதினாலே பாஸ். இன்டர்னலில் 18 என்றால் 54 எழுத வேண்டும். ஆக, நாலு அரியரும் ஒரே கனம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இன்டர்னல் எவ்வளவு, இன்னும் எத்தனை மார்க் வேண்டும் என்று ஒரு தாளில் எழுது. நெருக்கத்தில் இருக்கும் இரண்டை இந்தத் தேர்வில் முடி. கணிதத் தாளும் அரியர் என்றால் அதை இன்றே படிக்கத் தொடங்கி, நிதானமாக அடுத்த தேர்வில் முடித்தாலும் சரி. தேர்வுக் கட்டணம் நாலுக்கும் கட்டு.

எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாக வந்த தாளுக்கு முதலில் விடைத்தாள் நகல் கேள். பாட ஆசிரியர் பார்த்து, மார்க் ஏற வாய்ப்பு உண்டு என்று சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டு. ஒன்றை மட்டும் கவனி: இரண்டாம் செமஸ்டர் இன்டர்னல் டெஸ்ட்டுகளை அரியர் படிக்கிறேன் என்று விட்டுவிடாதே. நாலு அரியர் எட்டாகப் பெருகுவது அப்படித்தான்.

கேள்வி (மூன்றாமாண்டு பி.எஸ்சி. மாணவி): புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது, திடீரென நின்றுவிட்டது. பஸ், சாப்பாடு எல்லாம் அதில்தான்.

பெரும்பாலும் வங்கிக் கணக்குச் சிக்கலாக இருக்கும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காகக் கணக்கை ஆதாரோடு 'சீடிங்' செய்வது வேறு. பணம் கடைசியாக எந்தக் கணக்கு சீடிங் ஆனதோ அதற்குத்தான் போகும். புதிதாக வேறு வங்கியில் கணக்குத் தொடங்கியிருந்தால் அதில் விழுந்திருக்கலாம், அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் திரும்பியிருக்கும். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள், எந்த வங்கி என்று காட்டும். அது சரியாக இருந்தால் கல்லூரியில் திட்டத்துக்கான ஒருங்கிணைப்பாளரிடம் மாணவர் விவரங்களைக் கல்லூரிகள் பதியும் யுமிஸ் தளத்தில் உங்கள் ஆண்டு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்ப் புதல்வன் பணம் வாங்கும் பையன்களுக்கும் இதே வழிதான்.

கேள்வி: வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் தருகிறார்கள். கட்டணச் சலுகை கிடைக்குமா?

கிடைக்காது. முதல் பட்டதாரிச் சலுகை அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருபவர்களுக்கு மட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழிதான்; அதில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பிடித்த கல்லூரி என்று முன்கூட்டிப் பணம் கட்டிவிட்டு இரண்டாம் ஆண்டில் கட்ட முடியாமல் நிற்பவர்கள் அதிகம். கலந்தாய்வு முடியும்வரை பொறுங்கள்.

கேள்வி (ஒரு அப்பா): மகளைக் கல்லூரி மாற்றப் பார்க்கிறோம். ஒரிஜினல் சான்றிதழைத் தர மாட்டேன், நாலு வருட ஃபீஸும் கட்டு என்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது. படிக்காத ஆண்டுகளுக்குப் பணம் கேட்கவும் முடியாது. வாய்வார்த்தையில் எதுவும் பேசாதீர்கள். விலகல் கடிதம் எழுதி, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்; தரவில்லை என்றால் பதிவுத் தபால், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்புங்கள். கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பது அந்தத் தேதியைப் பொறுத்தது. பதில் வராவிட்டால் யுஜிசியின் ஈ-சமாதான் தளத்தில் அந்த ஒப்புகையை இணைத்துப் புகார் போடுங்கள். பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவுக்கும் (ஏஐசிடிஇ) ஒரு பிரதி.

கேள்வி (கல்லூரி உதவிப் பேராசிரியர்): உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 சதவீதம், தேசிய சராசரி 28.4 என்கிறார்கள். பிறகு ஏன் இடைநிற்றல் பற்றி இவ்வளவு பேச்சு?

அது 2021-22 கணக்கெடுப்பின் சேர்க்கை விகிதம். சேர்ந்தவர்களைச் சொல்கிறதே தவிர, முடித்தவர்களைச் சொல்லவில்லை. உங்கள் துறையில் சேர்ந்தவர் எத்தனை, நாலாம் ஆண்டு முடிவில் அரியரில்லாமல் வெளியேறியவர் எத்தனை என்று நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். துறைத் தலைவரிடம் அதைக் காட்டியே, பின்தங்கும் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் கேட்கலாம், நேரம் கேட்கலாம்.

வகுப்பில் பார்க்க வேண்டியவை மூன்று: தொடர்ந்து மூன்று நாள் வராதவர், முதல் இன்டர்னலுக்கு வராமலே இருந்தவர், கட்டண நிலுவைப் பட்டியலில் பெயர் வந்தவர். ஒரு பெயர் இரண்டு பட்டியலில் இருந்தால் மறுநாளே நீங்கள் போன் செய்ய வேண்டும், அதுவும் மாணவருக்கு. எடுத்தவுடன் வீட்டுக்குப் புகார் போனால் அந்தப் பிள்ளை உங்களிடம் மறுபடி பேசாது. கட்டணம் நிலுவை என்றால் வகுப்பில் பெயர் வாசிப்பதை நிறுத்துங்கள்; அந்த வெட்கத்தில் வராமல் நிற்பவர்கள் உண்டு. உதவித்தொகை வரும்வரை தவணை தரும்படி நிர்வாகத்திடம் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி (ஒரு அக்கா): அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. தம்பி ஒரு வருடம் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். படிப்பு அவ்வளவுதானா?

இல்லைம்மா. சொல்லாமல் நிற்பதுதான் ஆபத்து. அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்கு முன், அப்பாவின் மருத்துவச் சான்றோடு முதல்வர் வழியாகத் தற்காலிக இடைவெளிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அனுமதி ஆணை கையில் இருந்தால் அடுத்த ஆண்டு அதே செமஸ்டரில் மறுசேர்க்கை கேட்கலாம். டி.சி. மட்டும் வாங்க வேண்டாம். வாங்கினால் திரும்பி வருவது மிகவும் சிரமம். இடைவெளி ஆண்டிலும் அரியர் இருந்தால் தேர்வு எழுத முடியுமா என்று தேர்வுப் பிரிவில் கேட்டு, அந்தத் தேதிகளில் வேலைக்கு லீவு சொல்லிவைக்கட்டும். திரும்பும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் கூடுதலாக ஓரிரு தாள் எழுத வேண்டி வரலாம். எவை என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.